பழைய லொறி கியர் பொக்ஸ்: அடையாளம் காண்பது, திறந்து பார்ப்பது, திரும்பப் பொருத்துவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சொந்த லொறி, டிப்பர், பவுசர் வைத்திருப்பவர்களும் சிறிய கராஜ் நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. எல்லாம் கையால் மாற்றும் கியர் பொக்ஸ் பற்றியவை. ஓட்டோமற்றிக் வேறு கதை, அது இங்கே இல்லை.

புதியது வாங்காமல் ஏன் பழையதைத் தேட வேண்டும்?

2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்தது. வீதியில் நின்ற லொறியையே வைத்து ஓட்ட வேண்டிய நிலை. 2025இல் இறக்குமதி மெல்லத் திறந்தபோதும் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. இருக்கிற சாமானை வைத்துச் சமாளிக்கும் கை இங்கே பழகிய கை.

அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. நல்ல லொறி கியர் பொக்ஸில் பல்லுகளும் ஷாஃப்டுகளும் ஒயில் குறையாமல் ஓடியிருந்தால் எஞ்சினை விட அதிக காலம் நிற்கும். தேய்வது பெயரிங், சீல், சிங்க்ரோ வளையம் (கியர் மாற்றும்போது வேகங்களை ஒன்றாக்கும் வளையம்) ஆகிய சின்னச் சாமான்கள். அவற்றை மாற்றலாம். கிலோக் கணக்கில் உருக்கப் போகிற பொக்ஸ்கள் பலவற்றில் இன்னும் வேலை செய்யக்கூடிய உருக்கு இருக்கிறது. அதை அடையாளம் தெரியாமல் உருக விடுவது பெரிய நட்டம்.

கிடைக்கிற பொக்ஸ்கள் எல்லாம் ஒரே தரமா?

இல்லை. எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கேளுங்கள். ஜப்பானில் இருந்து ஹாஃப் கட்டாகவோ (பாதியாக வெட்டிய வாகனம்) தனியாகவோ வந்து, கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தை வழியாக இங்கே வருபவை ஒரு வகை. பெரும்பாலும் நன்றாக இருக்கும், ஆனால் அங்கே ஏன் கழட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. உள்ளூரில் உடைத்த லொறியில் இருந்து இறக்கியது இரண்டாவது வகை. அதன் பழைய சாரதியைப் பிடித்துப் பேச முடிந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை: எந்த கியர் ஓடும்போது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு விழுந்தது, எதில் சத்தம், எவ்வளவு பாரம் ஏற்றினார்கள் என்று சொல்லிவிடுவார். மூன்றாவது, எரிந்த அல்லது தண்ணீரில் கிடந்த வாகனத்தில் இருந்து வந்தது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தகட்டில் இருக்கிற எழுத்தும் எண்ணும் என்ன சொல்கின்றன?

ஜப்பான் லொறிகளில் பெயர் சுருக்கமானது. இசுசு எல்ஃப் வரிசையில் எம்எஸ்ஏ5, எம்எஸ்பி5, எம்வைவை5, எம்வைவை6, எம்இசட்இசட்6 போன்றவை வரும். எழுத்துகள் பொக்ஸின் குடும்பம், எண் முன்னோக்கிய கியர்களின் எண்ணிக்கை. மிற்சுபிசி கன்ரரில் எம்035எஸ்5, எம்036எஸ்6 என்று இருக்கும். கடைசியில் உள்ள எஸ்5 என்றால் ஐந்து கியர், எஸ்6 என்றால் ஆறு.

அசோக் லேலண்ட், டாட்டா லொறிகளில் இசட்எஃப் நிறுவனத்தின் பொக்ஸும் வரும். எஸ்6-36 என்றால் சிங்க்ரோ உள்ள ஆறு கியர் பொக்ஸ், 36 அதன் முறுக்கு வகுப்பு, அதாவது எவ்வளவு சுழற்று விசை தாங்கும் என்பது. 9எஸ் 1110 என்றால் ஒன்பது கியர். பின்னால் டிடி என்று இருந்தால் மேல் கியர் நேரடி, அதாவது ஒன்றுக்கு ஒன்று. டிஓ என்றால் மேல் கியர் ஓவர்டிரைவ், அதாவது எஞ்சினை விட அவுட்புட் வேகமாகச் சுற்றும். இந்தத் தகட்டில் மொத்த விகித வரம்பு, ஒயில் அளவு, எந்த ஒயில் பட்டியலைப் பார்ப்பது என்பதும் அச்சாகி இருக்கும். லொறி மனுவல் பொக்ஸுக்கு அது டிஇ-எம்எல் 02. தகட்டைக் கழுவிப் படம் எடுத்து வைத்துவிடுங்கள், பிறகு பெயின்ற் அடிக்கும்போது மறைந்துவிடும்.

ஈட்டன் ஃபுல்லர் பெரிய பொக்ஸ்களின் பெயர்தான் அதிகம் பேசும். ஆர்டிஎல்ஓ-16913ஏ என்பதை எடுத்துக்கொள்வோம். டி என்றால் இரட்டைக் கவுண்டர் ஷாஃப்ட், அதாவது இன்புட்டின் சுற்றை மெயின் ஷாஃப்டுக்குக் கடத்தும் துணைத் தண்டு இரண்டு. ஓ என்றால் ஓவர்டிரைவ். 16 என்பது 1650 இறாத்தல் அடி முறுக்குத் தாங்கும் என்பது. முதல் இரண்டு இலக்கத்தை நூறால் பெருக்கி ஐம்பதைக் கூட்டினால் வரும். அடுத்த 9 வடிவமைப்பு நிலை. 13 முன்னோக்கிய கியர்கள். கடைசி எழுத்து விகிதத் தொகுதி, அதாவது ஒவ்வொரு கியரிலும் அவுட்புட் ஒரு சுற்றுக்கு இன்புட் எத்தனை சுற்று என்பது. அந்தக் கடைசி எழுத்தை விட்டுவிட்டு சாமான் ஓர்டர் பண்ணினால் தவறான கியர் வந்து சேரும்.

தகடு இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலான பொக்ஸ்களுக்கு இதுதான் நிலை. தகடு போனாலும் உடம்பு பேசும். முதலில் வார்ப்பு எண்ணைத் தேடுங்கள். கேஸின் பக்கத்திலும் மேல் மூடியிலும் பெல் ஹவுசிங்கிலும் (எஞ்சினோடு பொருந்தும் மணி வடிவ முன்பகுதி) மேலெழும்பி இருக்கும். கிறீஸையும் மண்ணையும் டீசலில் ஊற வைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் தெரியும். ஒரு விஷயம்: வார்ப்பு எண் என்பது அந்தக் கேஸின் எண், பொக்ஸின் மொடல் எண் அல்ல. ஒரே கேஸுக்குள் இரண்டு மூன்று விகிதத் தொகுதிகள் வரலாம்.

பிறகு அளவுகள். இன்புட் ஷாஃப்டின் (எஞ்சின் பக்கத் தண்டு) ஸ்ப்ளைன் பல்லு, அதாவது கிளச் பிளேற் ஏறி வழுக்கும் நீளப் பல்லு எத்தனை, வெளி விட்டம் எவ்வளவு, முன் மூக்கின் விட்டம் எவ்வளவு, பெல் ஹவுசிங்கின் முகத்தில் இருந்து மூக்கு எவ்வளவு வெளியே அல்லது உள்ளே நிற்கிறது. பின்பக்கம் புரொப்பல்லர் ஷாஃப்ட் பூட்டும் தட்டான ஃபிளேஞ்சின் ஓட்டைகள், அவற்றின் வட்ட விட்டம். கியர் லீவர் நேராக மேலேயா, தண்டா, கேபிளா. இவற்றை ஒரு கடதாசியில் வரைந்து எழுதுங்கள். இந்தக் கடதாசி கையில் இருந்தால் கடைக்காரரோடு தொலைபேசியில் பேசுவதே போதும், பொக்ஸைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

பெயரிங்கிலும் எண் இருக்கும், அது பெரும்பாலும் உலகப் பொது. 6309 என்றால் உள் விட்டம் 45 மில்லிமீற்றர்: கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும். வெளி விட்டம் 100, அகலம் 25. மொடல் தெரியாமலே பெயரிங் வாங்கலாம் என்பது இதனால்தான்.

திறக்காமலே விகிதம் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், கஷ்டமும் இல்லை. இன்புட் ஷாஃப்டிலும் அவுட்புட் ஃபிளேஞ்சிலும் சோக்கால் கோடு போடுங்கள். முதலாம் கியரில் போட்டு, அவுட்புட் சரியாகப் பத்துச் சுற்று வரும்வரை இன்புட்டைச் சுற்றி எண்ணுங்கள். இன்புட் 60 சுற்று வந்தால் விகிதம் 6.0. ஒரே சுற்றில் எண்ணினால் பிழை பெரிதாகும், அதனால்தான் பத்து. ஒவ்வொரு கியருக்கும் செய்து எழுதுங்கள். ஒன்றுக்குக் கீழே, 0.8 போல வந்தால் ஓவர்டிரைவ். ரிவேஸில் அவுட்புட் எதிர்த்திசையில் சுற்றும்.

மூடியைக் கழட்டினால் பல்லை எண்ணியும் சரிபார்க்கலாம். இன்புட் கியரில் 22 பல்லு, அதோடு கடிக்கும் கவுண்டர் கியரில் 44 என்றால் 2. கவுண்டரின் முதலாம் கியர் 14, மெயின் ஷாஃப்டின் கியர் 42 என்றால் 3. இரண்டையும் பெருக்கினால் 6.

பின்பக்கம் காற்றுக் குழாய் பொருத்தும் சிலிண்டர் இருந்தால் அது ஹை-லோ வகை, அதாவது கியர்களை உயர்வு, தாழ்வு என இரண்டு நிலையில் தருவது. எல்லாக் கியரையும் இரண்டு நிலையிலும் எண்ண வேண்டும். காற்று இல்லாமல் அது நகராது.

சிங்க்ரோ உள்ளதா இல்லாததா என்று எப்படித் தெரியும்?

மேல் மூடியைத் திறந்து பார்த்தால், கியருக்கும் வழுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே மஞ்சள் நிற வளையம் தெரிந்தால் சிங்க்ரோ. வளையம் இல்லாமல் பருத்த பல்லுள்ள கிளச் மட்டும் இருந்தால் சிங்க்ரோ இல்லாதது. ஃபுல்லர் பெரிய பொக்ஸ்கள் பலவற்றில் இல்லை. இதை ஓட்டுகிறவருக்கு டபுள் கிளச் பழக்கம், அதாவது ஒரு கியர் மாற்ற இருமுறை கிளச் மிதிக்கும் பழக்கம் வேண்டும். பல பொக்ஸில் கிளச் பிறேக்கும் இருக்கும், பெடலை அடிவரை மிதித்தால் இன்புட் ஷாஃப்டை நிறுத்தும். லொறி நிற்கும்போது மட்டும்தான் அடிவரை மிதிக்க வேண்டும். ஓடும்போது மிதித்தால் அந்த பிறேக் சீக்கிரம் போய்விடும்.

இரட்டைக் கவுண்டர் ஷாஃப்ட் பொக்ஸைக் கழட்டினால், திரும்பப் போடும்போது இரண்டு ஷாஃப்டின் பல்லுகளையும் அடையாளக் கோட்டுக்குச் சரியாக வைக்க வேண்டும். கழட்டும் முன்பே பெயின்ற் புள்ளி வைத்துவிடுங்கள். ஒரு பல்லு தவறினாலும் பொக்ஸ் இறுகி நிற்கும், அல்லது பாரம் ஒரே பக்கம் விழும். முதல்முறை செய்பவர் இந்த வகையைத் தனியாகக் கழட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

கடையில் நின்றபடியே என்ன பார்க்கலாம்?

ட்ரெயின் பிளக்கைக் கழட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு போல மெல்லிய தூள் இருப்பது வழமை. ஊசி போன்ற துண்டு, பல்லின் மூலை, பெயரிங் கூட்டின் துண்டு இருந்தால் உள்ளே உடைவு இருக்கிறது. ஒயிலில் பொன்னிறச் செதில் மினுங்கினால் சிங்க்ரோ வளையம் தேய்கிறது. பால் போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஒயிலே இல்லை, உள்ளே காய்ந்து கறள் என்றால் விலையைப் பழைய இரும்பு விலைக்கே பேசுங்கள்.

பிறகு இன்புட் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். சிறிது அசைவு இருக்கும், மூக்கு முனை ஃபிளைவீல் பெயரிங்கில் தாங்குவதால். டக் டக் என்று அடித்தால் முன் பெயரிங் போயிருக்கிறது. ஸ்ப்ளைனில் கிளச் பிளேற் ஓடிய இடத்தில் படி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். படி இருந்தால் பிளேற் சீராக வழுக்காது, கிளச் சரியாக விடாது. பின் ஃபிளேஞ்சையும் அசையுங்கள். எல்லாக் கியரையும் ஒன்றொன்றாகப் போட்டுச் சுற்றுங்கள். கேஸில் வெல்டிங் தழும்பு, காதுகளில் வெடிப்பு, நிரவி மறைத்த இடம் பாருங்கள்.

எரிந்த வாகனத்தின் பொக்ஸ் வாங்கலாமா?

2009க்குப் பிறகு வன்னியில் இருந்து எரிந்த வாகனங்கள் நிறையப் பழைய இரும்பாக வந்தன. அவற்றின் சாமான்கள் இன்னும் சில முற்றங்களில் கிடக்கின்றன. என் பதில்: வாங்க வேண்டாம்.

கியர் பல்லின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது, உள்ளே மென்மையானது. அந்தக் கடினம்தான் பாரத்தைத் தாங்குகிறது. ஏறக்குறைய 200 பாகை செல்சியஸுக்கு மேலே போகப் போக அது குறைய ஆரம்பிக்கும். தீப்பிடித்த லொறியின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்று உருக்கில் நிறம் ஏறியிருந்தால் சூடு உள்ளே போயிருக்கிறது. நல்ல அரம் ஒன்றால் பல்லின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள்: கடினமான பல்லில் அரம் வழுக்கும், மென்மையான பல்லைக் கடிக்கும். அலுமினியக் கேஸ் என்றால் முகங்கள் வளைந்திருக்கும். சீல் எல்லாம் கரியாகி இருக்கும். பார்க்க முழுதாக இருந்தாலும் பாரம் ஏற்றிச் சில வாரங்களில் பல்லின் தோல் உரிந்து வரும். கழுவி, பெயின்ற் அடித்து விற்கிற இடத்தில் இந்த அரச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

கறள் பிடித்தது சரிவருமா?

கறள் எங்கே என்பதைப் பொறுத்தது. இங்கே கடற்காற்று உப்பை எங்கும் கொண்டுபோகும், கரையோரத்தில் திறந்து கிடந்த பொக்ஸ் வேகமாகக் கறளாகும். கேஸின் வெளியே கறள் கணக்கே இல்லை. கியர் பல்லின் முகத்தில் தூசி போன்ற மேல் கறள் என்றால் எண்ணெய் பூசிய மெல்லிய உப்புத்தாளால் போகும். நகம் மாட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் அந்தக் கியர் சத்தம் போடும், குழி பெருகும். பெயரிங் ஓடும் பாதையில் ஒரு புள்ளி கறள் இருந்தாலும் பெயரிங் மாற வேண்டும், இதில் பேரம் இல்லை. கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும். கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் காய விடாதீர்கள்.

திறந்த பிறகு எதை மாற்றுவது, எதை விடுவது?

எல்லா சீலும் கஸ்கெற்றும் கட்டாயம் மாற்ற வேண்டும். பெயரிங்கில் சந்தேகம் இருந்தால் மாற்றுங்கள், முன்னதும் பின்னதும் எப்படியும் மாற்றுவது நல்லது. சிங்க்ரோ வளையத்தைக் கியரின் கூம்பில் கையால் அழுத்தி, நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிப்பு அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். இடைவெளி அந்த மொடலின் எல்லைக்குக் கீழே இருந்தால் வளையம் போய்விட்டது. இடைவெளியே இல்லாமல் முகம் முட்டினால் புத்தகம் பார்க்கவே தேவையில்லை. கியர் கழன்று விழுந்த வரலாறு உள்ள பொக்ஸில் ஸ்லீவின் பல்லு நுனி வட்டமாகித் தேய்ந்திருக்கும், ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க்கின் பாதமும் மெலிந்திருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றினால்தான் நிற்கும்.

ஒரு பல்லின் மூலை சிறிது உடைந்த கியரை வெல்ட் பண்ணி அரத்தால் உருவாக்கித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். பாரம் ஏற்றும் கியரில் அதைச் செய்ய விடாதீர்கள். வெல்டிங் சூடு கடினத்தைக் கொன்றுவிடும், அடுத்த பல்லையும் சேர்த்து. அதே மொடலின் இன்னொரு உடைந்த பொக்ஸ் வாங்கி இரண்டில் இருந்து ஒன்று செய்வது மேல்.

என் எஞ்சினுக்குப் பொருந்துமா?

அமெரிக்க, ஐரோப்பியப் பெரிய எஞ்சின்கள் பலவற்றில் எஸ்ஏஇ என்ற பொதுத் தர அளவில் ஹவுசிங் இருக்கும். எஸ்ஏஇ 1, 2, 3 மூன்றிலும் 12 போல்ட். போல்ட் வட்டம் முறையே 530, 467, 429 மில்லிமீற்றர் அளவில் வரும். அளந்தால் எது என்று உடனே தெரியும். ஜப்பான் சிறிய லொறிகளுக்கு அவரவர் சொந்த வடிவம், அங்கே பெல் ஹவுசிங்கையும் சேர்த்தே வாங்குங்கள்.

கிளச் பிளேற்றின் வெளி விட்டம் ஃபிளைவீலுக்கும், நடு ஸ்ப்ளைன் கியர் பொக்ஸுக்கும் பொருந்த வேண்டும். மூக்குப் பெயரிங்கின் வெளி விட்டம் ஃபிளைவீலுக்கும் உள் விட்டம் மூக்குக்கும். வித்தியாசம் இருந்தால் லேத்தில் புஷ் செய்யலாம். அடாப்டர் பிளேற் போட்டால் அதன் தடிப்பு அளவுக்கு மூக்கு பின்னே போகும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிளேற்றை காஸ் கட்டரால் வெட்டி ஓட்டை போடுவது போதாது. லேத்தில் பிடித்து, இடம் பிடிக்கும் முளையான டவல் பின்னோடு, நடுவுக்கு நடு வர வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்க்கும்போது ஹவுசிங்கின் முகமும் துளையும் 0.2 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். இதை மீறினால் முன் பெயரிங்கும் கிளச்சும் மாறி மாறிப் போகும், பழி கியர் பொக்ஸில் விழும்.

முறுக்கு அளவையும் பாருங்கள். சின்ன எஞ்சினுக்குப் பின்னால் பெரிய பொக்ஸ் தாங்கும், பாரமும் மந்தமும்தான் குறை. பெரிய எஞ்சினுக்குப் பின்னால் சின்ன பொக்ஸ் உடையும்.

ஹேண்ட் பிறேக் பற்றி ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

எல்ஃப், கன்ரர் போன்ற பல லொறிகளில் ஹேண்ட் பிறேக் சில்லில் இல்லை. கியர் பொக்ஸின் வாலில் உள்ள டிரம்மில் இருக்கிறது. வேறு பொக்ஸ் போட்டு அந்த டிரம் இல்லாமல் போனால் லொறிக்கு ஹேண்ட் பிறேக்கே இல்லை. கல் வைத்து நிறுத்தலாம் என்று விடுவது உயிரோடு விளையாடுவது. பாரம் இறக்க லொறிக்குப் பின்னால் நிற்கிறவர் யாரோ ஒருவரின் பிள்ளை. டிரம், பிளேற், லீவர், கேபிள் எல்லாம் சேர்ந்த பொக்ஸாகத் தேடுங்கள், இல்லையென்றால் வேறு முறையான பார்க்கிங் பிறேக் பொருத்திய பிறகே வீதியில் விடுங்கள்.

எந்த விகிதம் நமக்கு நல்லது?

குடாநாடு தட்டை நிலம், பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் மணல் ஏற்றும் டிப்பர் மென்மையான தரையில் இருந்து எழும்ப முதலாம் கியர் ஆழமாக வேண்டும். வெங்காயமும் மீனும் ஏற்றிக்கொண்டு ஏ9 வழியாகக் கொழும்புக்கு ஓடுகிறவருக்கு மேல் கியர் முக்கியம். கணக்கு இது: எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்று, மேல் கியர் 1.0, டிஃபரன்ஷியல் விகிதம் 6.0, டயர் ஒரு சுற்றில் 3.2 மீற்றர் என்றால் மணிக்கு 80 கிலோமீற்றர். மேல் கியர் 0.8 என்றால் அதே 80ஐ 2000 சுற்றில் ஓடலாம். டீசல் மிச்சமும் சத்தக் குறைவும் அதில் வரும். பாரம் ஏற்றிய லொறியை இழுக்க எஞ்சினுக்குச் சக்தி இருக்கிறதா என்று பார்த்தே இதைத் தெரிவு செய்யுங்கள்.

எந்த ஒயில்?

தகடோ புத்தகமோ இருந்தால் அது சொல்வதுதான். இல்லையென்றால், பித்தளைச் சிங்க்ரோ உள்ள பொக்ஸுக்கு ஜிஎல்-4 என்ற கியர் ஒயில் தரத்தில் 80டபிள்யூ-90 பொதுவாகப் பொருந்தும். டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5ஐ இதில் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள், அதில் உள்ள கந்தகச் சேர்க்கை மஞ்சள் உலோகத்தை அரிக்கக்கூடியது. ஃபுல்லர் இரட்டைக் கவுண்டர் பொக்ஸுக்கு அதற்கென்ற 50 தர சிந்தெற்றிக் ஒயில், அல்லது கனரக எஞ்சின் ஒயில். அளவு, நிரப்பும் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை, லொறி சமதரையில் நிற்கும்போது. மேலே உள்ள மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் எந்தப் புது சீலும் ஒழுகும்.

பிடிஓ (எஞ்சின் சக்தியைப் பம்புக்கு எடுக்கும் இணைப்பு) எடுக்க முடியுமா?

கேஸின் பக்கத்தில் ஆறு அல்லது எட்டு போல்ட் போட்ட மூடி இருந்தால் முடியும். டிப்பர் பம்ப், பவுசர் பம்ப் எல்லாம் அங்கிருந்துதான் ஓடும். மூடியைக் கழட்டி உள்ளே இருக்கும் கியரின் பல்லையும் சாய்வையும் பார்த்த பிறகே பிடிஓ வாங்குங்கள்.

பத்திரம் ஏதும் தேவையா?

வாகனப் பதிவில் இருப்பது எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும்தான். இருந்தாலும் விற்றவரின் பெயரோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். எண் சுரண்டிய பொக்ஸைத் தொடாதீர்கள்.

பொருத்தியாயிற்று. முதல் ஓட்டம் எப்படி?

புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் மாறியிருந்தால் வெட்டி ஒட்டிய பிறகு பலன்ஸ் பண்ணியதா, இரண்டு முனை யோக்கும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பின் அச்சை உறுதியான தாங்கிகளில் தூக்கி, முன் சில்லுக்கு அடை வைத்து, எஞ்சினை மெதுவாக ஓட விட்டு ஒவ்வொரு கியரையும் கேளுங்கள். நியூட்ரலில் வரும் சத்தம் கிளச்சை மிதித்தால் நின்றால் அது இன்புட் அல்லது கவுண்டர் பெயரிங். எல்லாக் கியரிலும் வரும் சத்தம் நேரடிக் கியரில் மட்டும் குறைந்தால் கவுண்டர் ஷாஃப்ட் பக்கம் தேடுங்கள்.

பிறகு வெறும் லொறியாக ஓட்டுங்கள், அடுத்து அரைப் பாரம். முதல் ஒயிலை வழமையைவிட வெகு சீக்கிரம் இறக்கிக் காந்தத்தைப் பாருங்கள். வழியில் நின்றுபோய்க் கட்டி இழுக்க வேண்டி வந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழட்டிவிட்டு இழுங்கள். எஞ்சின் ஓடாதபோது கவுண்டர் ஷாஃப்ட் சுற்றாது, அது சுற்றாவிட்டால் மேலே ஒயில் போகாது. நியூட்ரலில் ஆனையிறவில் இருந்து யாழ்ப்பாணம் வரை இழுத்து வருவதற்குள் மெயின் ஷாஃப்டின் பெயரிங்குகள் காய்ந்து சூடாகிவிடும்.